வசந்தாவின் சீரில் போன பெட்டி

அதைத்தான் சொல்ல வந்தேன் மல்லிகா. எங்கள் வீட்டில் காலையிலிருந்து ஒரே பஞ்சாயத்து. பேரனுக்கு வாங்கிய விளையாட்டுப் பெட்டியில் மருமகள் படம் போட்டுப் பார்க்கிறாளாம். அது கேம் ஆடத்தான் என்று அவன் ஒரு பக்கம், படமும் ஓடும் என்றுதானே வாங்கினோம் என்று அவள் ஒரு பக்கம். தீர்ப்பு சொல்ல நான். கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தப் புதுப் பெட்டியைப் பிரித்தபோது ஒரு பிளாஸ்டிக் வாசனை அடித்ததே, நான் முதலில் அதை மோந்தது என் நாத்தனார் வசந்தாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு.

நெடுங்காட்டில் எங்கள் தெருவுக்கே முதல் டிவி எங்கள் வீட்டில்தான். கொழுந்தன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. தென்னையைவிட உயரமாகக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினோம். இலங்கை டிவிதான் எடுக்கும், அந்த ஊர்க்காரர்கள் பேசுவது தெரியும். பாதி நாள் மழை பெய்கிற மாதிரி இரைச்சல்தான். என் வீட்டுக்காரர் கொல்லையில் நின்று கம்பத்தைத் திருப்பித் திருப்பியே கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

அடுத்து, தெரிந்தவர் ஒருவர் கையில் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினான் கொழுந்தன். டிவியில் மாட்டினால் ஓடும் என்று மட்டும் சொல்லிவிட்டிருந்தான். டிவியில் ஓடுவது படத்தைத் தவிர வேறென்ன? இனி எங்கள் வீட்டில் தினமும் சினிமாதான் என்று என் வீட்டுக்காரர் டீக்கடையில் சொல்லிவிட்டார். நாங்களோ நல்ல நாள் பார்த்து மாட்டலாம் என்று பெட்டிக்குப் பொட்டு வைத்து சாமி அலமாரியில் வைத்திருந்தோம்.

கோட்டுச்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்த நாள்தான் அந்த நல்ல நாள். வசந்தாவுக்கு முன்னாலேயே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதாவது அமைய வேண்டுமே என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவோ, சினிமா காட்டுகிறார்களாம் என்று கேள்விப்பட்டு, சொந்தக்காரர்கள் நாலு பேரைக் கூடச் சேர்த்துக்கொண்டு மத்தியானமே வந்துவிட்டார்.

எலக்ட்ரீசியன் வந்து பெட்டியை டிவியில் மாட்டினார். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி குறுக்கும் நெடுக்கும் ஓடியது. இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. டொக், டொக். எல்லாரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் பேரே போடலையே" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

ஒரு தட்டு பஜ்ஜி தீர்ந்தது. புள்ளிதான் ஓடியது. அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. சொன்னது ஒன்று, காட்டுவது ஒன்று என்றால் பெண் விஷயத்திலும் அப்படித்தான் என்று நினைக்க மாட்டாரா?

அப்போதுதான் காபித் தட்டோடு வந்தாள் வசந்தா. என் காதில்தான் சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. "அண்ணி, பொட்டியில ரெண்டு திருகு இருக்கு பாருங்க. அது பந்து. அடிச்சு ஆடணும் போல."

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். நீதான் அடித்துக் காட்டேன் என்று சொல்லி, ஒரு திருகைத் தானே பிடித்துக்கொண்டார்.

தோற்றார். மறுபடியும் தோற்றார். விட்டுக்கொடு என்று நான் கண்ணைக் காட்டுகிறேன், இவள் பார்த்தால்தானே. "திருப்புங்க அத்தை, பந்து போவுது பாருங்க" என்று அதட்டல் வேறு.

கல்யாணம் பேசி முடிப்பதற்கு முன்னால் அத்தை என்று கூப்பிடலாமா? டொக், டொக் என்று ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

அந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அத்தைன்னும் கூப்புட்டுட்டு இப்படியா அடிப்பா ஒருத்தி? எங்க வீட்டுக்கு வா, வச்சிக்கிறேன்."

அப்புறமென்ன, தட்டு மாற்றுவதுதான் பாக்கி. மாப்பிள்ளையை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அந்த பஜ்ஜி முழுவதையும் தின்று தீர்த்தவர் அவர்தான்.

சீர் வைக்கும்போது குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியையும் வைக்கச் சொன்னார் சம்பந்தியம்மா. வைத்தோம். தன் வீட்டில் டிவியே இல்லை என்பது அவருக்கு ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்திருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெட்டியை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு, மருமகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கட்டிக்கொடுத்த பெண் ஆடிக்கும் தீபாவளிக்கும்தான் பிறந்த வீட்டுக்கு வருவாள், அந்தக் காலத்தில். எங்கள் வசந்தா வாரம் தவறாமல் வந்தாள். என் மாமியார் அந்தப் புள்ளியைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆடுகிற இரண்டு பேரைத் தவிர யாரும் திரையைப் பார்க்க மாட்டோம். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவ்வளவு சிரிப்பு.

பிறகு அங்கேயும் டிவி வந்தது. கூடவே படம் போடுகிற டெக்கும் வந்தது. சம்பந்தியம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. வசந்தாவும் ஆடிக்கும் தீபாவளிக்கும் மட்டும் வருகிறவளாகிப்போனாள். பெட்டி எந்தப் பரணுக்குப் போனதோ.

அதனால்தான் பேரன் பக்கம் தீர்ப்புச் சொன்னேன். குதித்தான். ஆனால் ஒன்று மல்லிகா, இவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, எந்த ஊரிலோ இருக்கிற யாரோடோ ஆடுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து பிடித்து ஆட இன்னொரு கைப்பிடி இருக்கிறது, அது சும்மாவே கிடக்கிறது. இன்றைக்கு வசந்தா வருகிறாள், அதை அவள் கையில் கொடுத்து அவன் பக்கத்தில் உட்கார வைக்கப்போகிறேன்.

இரு, வாசலில் கருக்களாச்சேரி மீன்காரம்மா குரல் கேட்கிறது. வசந்தா பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மீனை ஆய்ந்து குழம்பைக் கூட்ட வேண்டும்.