தோட்டத்துக்குள் முதலில் வந்த வேன்

சபையாருக்கு என் அன்பின் வணக்கம். மைக் முன்னால் நின்றால் அழுதுவிடுவேன், அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன வருடம் ஈஸ்டருக்கு முன்னால், சர்க்கரை வியாதியால் என் வீட்டுக்காரரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தார். இந்தச் செம்பனைத் தோட்டத்தில் காலமெல்லாம் லோரி ஓட்டிய மனுஷன். எங்களிடம் இருந்ததோ தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னக் கார். முதல் ஞாயிறு ஆராதனைக்கு அழைத்துவந்தபோது, இறக்கவும் ஏற்றவும் நீங்கள் எல்லாரும் ஓடிவந்தீர்கள். அன்போடுதான் தூக்கினீர்கள். ஆனால் அவருக்கு முகம் செத்துவிட்டது.

“என்ன மூட்ட மாதிரி தூக்குறாங்க. இனிமே நான் எங்கயும் வர்லலா,” என்றார். சொன்னபடியே வாசலைத் தாண்டவில்லை. சாப்பாடு குறைந்தது. பேச்சு நின்றது. ஜன்னல் ஓரமே கதி என்று கிடந்தார். கால் போனதை நான் தாங்கிக்கொண்டேன். அவர் சிரிப்பு போனதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வேன் இருந்தால் நாற்காலியோடு ஏற்றி, மறுபடி சபைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஜெபிக்கத் தொடங்கினேன். வேன் என்று வாயைத் திறந்ததும் வீடு பட்டிமன்றமாகிவிட்டது. மந்தினில் இருக்கும் என் மகள் எஸ்தர், “புதுசு எடுங்கம்மா. பழசு நடுரோட்ல நின்னுட்டா, அப்பாவ வச்சிக்கிட்டு என்ன செய்வீங்க?” என்றாள். செண்டாயான் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பி விடவில்லை. “லீஸுக்கு எடுக்கா. மாச வாடகதான். ரிப்பேர் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க.” எனக்கோ பழைய வேனே போதும் என்று தோன்றியது. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் வாரங்கள் ஓடின. அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஆண்டவரிடமே அடையாளம் கேட்டேன். “அப்பா, இப்ப தோட்டத்துக்குள்ள மொதல்ல நொழையிற வேன் புதுசா இருந்தா புதுசு வாங்குறேன். பழசா இருந்தா பழசு. கம்பெனி பேர் எழுதியிருந்தா லீஸ்.” ஆண்டவருக்கே கேள்வித்தாள் தயாரித்துக் கொடுத்த கெட்டிக்காரி நான்! அதோடு நான் சத்தமாக ஜெபிக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும்.

ஆமென் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன். வேன் வந்தது. பளபளவென்று புதுப் பெயின்ட். கடகடவென்று பழைய இன்ஜின். பக்கத்தில் பெரிதாகக் கம்பெனி பெயர். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அது பிரேத வண்டி.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அடக்கத்தை முடித்துவிட்டு வழி தவறி வந்திருக்கிறார் ஓட்டுநர். எங்கள் வாசலிலேயே நிறுத்தி, “அக்கா, சிரம்பானுக்கு எந்த ஜாலான்?” என்று வழி கேட்டார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம். அவர் சிரிக்கிறார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். ஜன்னல் வழியாக வழி சொல்லி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். “இதுலயா என்ன ஏத்தப் போற? எனக்கு இன்னும் நேரம் இருக்குலா. ஒன்ன நம்பி விட்டா ஆபத்து. நானே வந்து பாக்குறேன், கெளம்பு.”

நான் சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அன்றே எஸ்தரும் தம்பியும் வந்தார்கள். சிரம்பானில் புதிய வேனைப் பார்த்தோம். இருக்கை உயரம். “இதுல ஏற ஏணி வேணும்,” என்றார் அவர். லீஸ் கொடுக்கிறவர்கள் வண்டியில் எதையும் மாற்றக்கூடாது என்றார்கள். நாற்காலி ஏறச் சரிவுப் பலகை பொருத்த முடியாது. மந்தினில் ஒரு பழைய வேன் இருந்தது. தாழ்வான தரை, தள்ளித் திறக்கும் கதவு, ஆட்டோ கியர். இன்ஜினை ஓடவிடச் சொல்லி அவர் காது கொடுத்துக் கேட்டார். “இதுதான்,” என்றார்.

நான் பின்கதவைத் திறந்து அவரை ஏற்றத் தயாரானேன். அவரோ நாற்காலியை முன்பக்கம் ஓட்டினார். யாரும் தொடவில்லை. கைகளை ஊன்றி அவராகவே நகர்ந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். “லெஃப்ட் காலுதான போச்சு? கிளட்ச் இல்லாத ஆட்டோ காடிக்கு ரைட் கால் போதும்லா,” என்றார். இத்தனை நாள் பட்டிமன்றம் நடத்திய எங்கள் மூன்று பேருக்கும் இது தோன்றவே இல்லை!

டாக்டரிடம் காட்டி, லைசென்ஸ் ஆபீஸில் முறைப்படி அனுமதி வாங்கிய பிறகே சாலையில் ஓட்டினார். அவரை எப்படி ஏற்றுவது என்று நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரோ அவரையே எங்களை ஏற்றிப்போக வைத்துவிட்டார். இப்போது தோட்டத்தில் நடக்க முடியாத நான்கைந்து பேரையும் அவர்தான் ஆராதனைக்கு அழைத்துவருகிறார். என் ஆண்டவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் யாராவது ஜன்னல் ஓரத்தில் முடங்கிக் கிடந்தால் சோர்ந்துபோகாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் என்னைப்போல் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இன்னும் எழுத ஆசைதான். வாசலில் ஹாரன் அடிக்கிறார். “ஆராதனைக்கு நேரமாச்சு! நீ வரியா, இல்ல நான் போவட்டா?”