வால்டரின் அறுபது ரப்பர் துண்டுகள்

வால்டருக்கு அலுப்பு உடம்போடு ஒட்டிப் பிறந்தது. மலேசியாவில், திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பம். அக்கா ஜெனவீவ் பன்னிரண்டு வயதிலேயே பால்வாளி தூக்கப் போனதால்தான் தம்பி படித்தார், பினாங்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரும் ஆனார். பாடம் பொருளறிவியல். அதென்ன வேலை என்று கேட்பவர்களிடம், "எது எப்பக் கெட்டுப்போகும்னு பாக்குறது" என்பார். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோயிருந்தது.

பாலத்துக்கு அடியில் வைக்கிற ரப்பர் எத்தனை வருஷம் தாங்கும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எழுபத்தொன்பதாம் வருஷம் அறுபது விதக் கலவை செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை இழுத்துச் சட்டத்தில் பூட்டி, தகர நம்பர் மாட்டி, அக்கா வீட்டுக்குப் பின்னால் வெயிலிலும் மழையிலும் நிறுத்தினார். மாதம் ஒரு தடவை ஓட்டைக் காரில் வந்து, பூதக்கண்ணாடி வைத்து வெடிப்புகளை அளப்பார். ஆறாம் வருஷம் ஒவ்வொன்றையும் இழுத்து அறுத்துப் பார்த்தால்தான் முடிவு தெரியும். குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம். இது ஒப்பேறினால்தான் பேராசிரியர் பதவி. ஐம்பத்தைந்து ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வருஷம்தான் ஆறாவது; அவருக்கு ஐம்பத்துநாலு.

"அக்கா, அடுத்த வாரம் பல்கலைக்கழகப் பெரியவங்க துண்டுகளைப் பாக்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் சொன்னார், மனுஷன்!

ரப்பர் பார்க்க ஆள் வருகிறான் என்றால் என்ன செய்யணும் என்று தோட்டத்துக்காரிக்குத் தெரியாதா? பூசணம் இருந்தால் கிரேடு இறங்கி விலை குறைந்துவிடும். முப்பது வருஷம் ரப்பர் சீட்டு துடைத்த கை. அறுபதையும் கழற்றி, தேய்த்துக் கழுவி, நிழலில் காயவைத்து அடுக்கினாள். தகர நம்பர்களையும் துலக்கி ஒரு டப்பாவில் போட்டுவைத்தாள்.

"பாரு தம்பி, ஒரு பொட்டுப் பூசணம் இல்லலா!"

இரண்டு நாள் முந்தியே வந்த வால்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இதில் எது எந்தக் கலவை? கடவுளுக்கே வெளிச்சம். கத்தத்தான் வாயைத் திறந்தார். அக்காவின் விரல்கள் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்திருந்தன.

"காப்பி போடுக்கா" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. குத்துமதிப்பாக நம்பர் மாட்டிவிட்டால் எவனுக்குத் தெரியப்போகிறது? ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனால் அதை நம்பி எவனாவது பாலம் கட்டித் தொலைப்பானே! மறுநாள், "துண்டுகள் கலந்துவிட்டன, தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரியவர்கள் யாரும் வரவில்லை. பதவியும் வரவில்லை.

அடுத்த மாதம் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் அக்கா மாதா கோயில் வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன தம்பி, பாத்தாங்களா? பேராசிரியர் ஆக்கிட்டாங்களா?"

காகிதத்தில் பொய் எழுத மனசு வராத மனுஷன், அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"ஆக்கிட்டாங்கக்கா. ரொம்பச் சுத்தமா இருக்குன்னாங்க."

அக்கா உடனே பக்கத்து வீட்டு அக்னஸைக் கூப்பிட்டு, "எல்லாம் நான்தான் கழுவிக்கொடுத்தேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.