வாயில் ஊசி இருக்கும்போது

கடைக்கு வருகிறவர்கள் அவளை ‘ம்ம் அக்கா’ என்பார்கள். கேலிக்காக வைத்த பெயர் இல்லை, கேட்டுக் கேட்டுத் தானாக ஒட்டிக்கொண்ட பெயர்.

ரெடிமேடாக வாங்கிய உடுப்பு யாருக்குத்தான் அப்படியே பொருந்துகிறது? தோளில் சரியாக உட்கார்ந்தால் இடுப்பில் தொங்கும். இடுப்பைப் பிடித்தால் கால் தரையைக் கூட்டும். அதையெல்லாம் பிரித்து, குறைத்து, விட்டுப் பிடித்து, ஆளுக்கு ஏற்றபடி ஆக்கித் தருவதுதான் அந்த ஆல்டரேஷன் கடையின் வேலை. ஆளைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பலகையின் மேல் நிற்க வைத்துவிட்டு, அவள் கீழே முட்டி போட்டு, மடிக்க வேண்டிய இடத்தில் குண்டூசி குத்திக்கொண்டே சுற்றி வருவாள். ஊசிகள் அவள் உதடுகளுக்கு நடுவே, கொண்டை மட்டும் வெளியே தெரிய, வரிசையாக நிற்கும். கை போய் ஒன்றை உருவும், குத்தும், மறுபடி போகும். அந்த வாயால் என்ன பேச முடியும்?

“இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா அக்கா?”

“ம்ம்.”

“சனிக்கிழமை கிடைச்சிடுமா?”

“ம்ம்.”

ஒலி ஒன்றுதான் என்றாலும் பொருள் பல. ஆகட்டும் என்பதற்கு ஒரு ம்ம். இது சரிப்படாது என்பதற்கு ஒரு ம்ம். உங்கள் உடம்புக்கு இந்த நிறம் வேண்டாம் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்பதற்கு நீளமாக ஒரு ம்ம். அவள் கணவர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவர். அத்தனை ம்ம்முக்கும் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நாள் முழுக்க ஏறி இறங்குகிற மனுஷனுக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாதா என்பாள் நாத்தனார்.

அந்த நாத்தனாரும் அதே கடையில்தான். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் இஸ்திரி போடுவதும் அவள் பொறுப்பு. அண்ணி பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

கடையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அக்கா வாயிலிருந்து ஊசிகளை எடுத்துப் பஞ்சுப்பொதியில் குத்திவிட்டுப் பேச ஆரம்பித்தால், சங்கதி பெரியது. அப்படி ஒரு நாள் மத்தியானம் ஊசியை எடுத்துவிட்டு அவள் சொன்னது, தனக்கு வயிறு சரியில்லை என்பது.

மேல்வயிற்றில் ஒரு வலி. வெறும் வயிற்றில் பிடுங்கும், சாப்பிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு மறுபடி. அதை அவள் பொருட்படுத்தவில்லை. வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக ஆனபோதுதான் கணவரிடம் சொன்னாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்த டாக்டர், உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, உள்ளே எங்கோ கசிகிறது என்றார். எங்கே, எதனால் என்று தெரியாமல் மருந்து கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு துணி வெட்டுவது போலத்தான். கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டுப் பார்த்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

அவள் “ம்ம்” என்றாள். அது ஆகட்டும் என்கிற ம்ம் இல்லை என்பது கணவருக்கு மட்டும் புரிந்தது.

ஆனாலும் சொன்ன நாளில் போனாள். வெறும் வயிற்றோடு, கணவர் பக்கத்தில் வர, போய்ப் படுத்தாள். தொண்டை மரத்துப்போக நர்ஸ் ஏதோ ஒரு கசப்பு மருந்தைப் பீச்சினாள். சற்று நேரத்தில் அவளுக்குத் தொண்டையே காணாமல் போய்விட்டது. எச்சிலை விழுங்கினாளா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. கறுப்பாக, பளபளவென்று இருந்த அந்தக் குழாயை ஒரு கை தூக்கியது. அவ்வளவுதான். எழுந்தாள், செருப்பைத் தேடினாள், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். கணவர் “சரி, வா” என்றார்.

மறுநாள் கடையில் நாத்தனார் விடுவாளா? படம் எடுக்கப் போனவர்கள் ஸ்டுடியோவை விட்டே ஓடிவந்த கதையை இஸ்திரிப்பெட்டி ஆறும் வரைக்கும் சொன்னாள். ஊரில் இருக்கிற இடுப்புக்கெல்லாம் ஊசி குத்துகிறவர் ஒரு குழாய்க்கு இப்படிப் பயந்தால் எப்படி என்றாள். அக்கா குனிந்தபடி வேலையைப் பார்த்தாள். அவள் பயந்தது குழாய்க்கு மட்டும் இல்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகி, அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் பெரிய தொந்தியோடு ஒருவர் கால்சட்டை இடுப்பைத் தளர்த்திக்கொள்ள வந்தார். டேப்பைக் கையில் எடுத்ததும் மனிதர் மூச்சைப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, கண்ணாடியில் தன்னையே பார்த்து நின்றார். முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. மூச்சு மட்டும் வெளியே வரவில்லை. அப்போது பட்டன் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: “மூச்சு விட்டுக்குங்க சார். உங்க வயித்த நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்.”

மனிதர் சிரித்துவிட்டார். தொந்தி அணை உடைந்த மாதிரி முன்னால் வந்தது. கீழே முட்டி போட்டிருந்தவளுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டது. வாயில் ஊசி இருந்தது. சிரிப்பு அடங்கியபோது உதட்டில் ஓர் ஊசி குறைந்தது. தரையில் தேடினாள், மடியில் தேடினாள், பலகைக்கு அடியில் காந்தத்தை விட்டுத் துழாவினாள். தொண்டையில் மட்டும் ஏதோ கீறின மாதிரி இருந்தது.

புகுந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், ஊசியை விழுங்கிவிட்டேன் என்று எந்தப் பெண் போய்ச் சொல்வாள்? இன்று செத்துவிடுவோம், நாளை செத்துவிடுவோம் என்று காத்திருந்தாள். சாகவில்லை. பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து வாயில் ஊசி இருக்கும்போது அவள் சிரித்ததில்லை. சோற்றுப் பருக்கையைக்கூட மென்று கூழாக்கித்தான் உள்ளே விடுவாள். மாத்திரை என்றால் நுணுக்கித் தண்ணீரில் கலக்க வேண்டும். இப்போது வயிறு வலிக்கிறது, ரத்தம் கசிகிறது என்றதும் மனசு நேரே அந்த ஊசியிடம்தான் போயிற்று. உள்ளே எங்கோ தைத்துக்கொண்டு துருப்பிடித்துக் கிடக்கும் ஒன்றைக் குழாய் போய் இடித்தால் என்ன ஆகும்?

நாலைந்து நாள் போயிருக்கும். ஒரு பள்ளிக்கூட டீச்சரின் நீளக் கோட்டுக்கு அடிமடிப்பு பிடித்துக்கொண்டிருந்தாள். முடித்து எழுந்தபோது தரை ஒரு பக்கமாகச் சரிந்தது. டீச்சர் பிடிப்பதற்குள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வாயிலிருந்த ஊசிகள் சிதறின. நாத்தனார் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். கண் திறந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி: “ஊசியெல்லாம் இருக்கா? கீழ தேடிப் பாரு.”

“உயிர் போற நேரத்துல ஊசிக்கென்ன கேடு அண்ணி?”

“பாருன்னு சொல்றேன்ல.”

குரலில் இருந்தது அதட்டல் இல்லை, கெஞ்சல். நாத்தனார் முட்டி போட்டு எல்லாவற்றையும் பொறுக்கினாள். டீச்சரை அனுப்பிவிட்டு அண்ணியைப் பின்னால் இஸ்திரி அறைக்குக் கூட்டிப்போய், துணிமூட்டை மேல் உட்கார வைத்தாள். அங்கேதான் அந்தப் பழைய கதை வெளியே வந்தது. ஆரம்பத்தில் நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள். கதையில் தொந்திக்காரர் வந்ததும் அவள் முகம் மாறியது.

“அப்ப நான் சொன்னதுக்கு சிரிச்சுதான்...”

“நீ என்ன பண்ணுவ? சிரிச்சது நான்.”

“இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணி.”

“சொன்னா அப்புறம் நீ வாயத் திறக்க மாட்ட. உன் பேச்ச விட்டா இந்தக் கடையில வேற என்ன இருக்கு?”

நாத்தனார் பொறுக்கிய ஊசிகளை அண்ணியின் கண்ணெதிரே ஒவ்வொன்றாக எண்ணிப் பஞ்சுப்பொதியில் குத்தினாள்.

அடுத்த முறை மூன்று பேராகப் போனார்கள். அக்கா டாக்டரிடம் ஊசியைப் பற்றித் தானே சொன்னாள். திட்டுவார், அல்லது சிரிப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. எந்த நீளம், கொண்டை இரும்பா கண்ணாடியா என்று தையல்காரி மாதிரியே விசாரித்தார். “பெரும்பாலும் அந்த வாரமே வெளிய போயிருக்கும்மா. ஒருவேளை இருந்தா நல்லதுதான், பார்த்து எடுத்துடலாம். எடுக்கற இடுக்கியும் இந்தக் குழாய்க்குள்ளயே போகும்” என்றார். தேடிக் கண்டுபிடித்துக் குற்றம் சொல்ல வருகிற கண்ணாக அதுவரை அவள் நினைத்திருந்த கேமரா, அந்தப் பேச்சில் பலகைக்கு அடியில் துழாவுகிற காந்தமாகிவிட்டது. பயம் போய்விடவில்லை. ஆனால் படுக்க முடிந்தது.

இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். பல்லுக்கு நடுவே நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்துக் கடிக்கச் சொன்னாள். குழாய் உள்ளே போன பிறகு என்னென்ன செய்ய வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். மூக்கால் மூச்சு விட வேண்டும். எச்சிலை விழுங்கக் கூடாது, கடைவாய் வழியாக வடிய விட்டுவிட வேண்டும். பேசக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு வாயில் ஊசி வைக்கப் பழக்கும்போது அவள் சொல்லிக்கொடுப்பது வரிக்கு வரி இதேதான். இதைத்தானே இத்தனை காலமாகச் செய்கிறோம்!

“புரிஞ்சுதாம்மா?” என்றாள் நர்ஸ்.

“ம்ம்.”

குழாய் நாக்கின் மேல் வந்தது. அசையவில்லை. அடிநாக்குக்கு வந்தது. அசையவில்லை. இவ்வளவு நன்றாகப் படுத்திருக்கிறவர்களைப் பார்த்ததே இல்லை என்றார் டாக்டர். பிறகு, “இப்ப ஒரே ஒரு தடவை முழுங்குங்க” என்றார்.

அங்கேதான் சிக்கல். வாயில் ஒன்று இருக்கும்போது விழுங்காமல் இருப்பதுதானே அவள் கற்ற வித்தை. தொண்டை இறுகியது. தொண்டையோடு மூச்சும் நின்றது, மூச்சோடு வயிறும் உள்ளே ஒட்டிக்கொண்டது. நர்ஸ் தோளில் கை வைத்து, “முழுங்குங்கம்மா” என்றாள். முழுங்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கண் தேடத் தொடங்கியது.

டாக்டர் அவசரப்படவில்லை. குழாயை அப்படியே நிறுத்திவிட்டுச் சொன்னார்: “வயித்தை ஏம்மா இழுத்துப் பிடிச்சிருக்கீங்க? மூச்சு விட்டுக்குங்க.”

மூச்சு விட்டுக்குங்க. முகம் சிவந்து கறுத்து, கண்ணாடி முன்னால் நின்ற அந்தத் தொந்திக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் நின்ற அதே நிலையில் இப்போது தான் படுத்திருப்பது தெரிந்தது. வயித்த நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம் சார். வாயில் வளையம், நாக்கில் குழாய், அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கிப் பார்த்தாள். வயிறு குலுங்கியது, பிடித்த மூச்சு மூக்கால் புஸ்ஸென்று வெளியேறியது, தொண்டை தளர்ந்தது, அவள் விழுங்கிவிட்டாள்.

“போயிடுச்சு, போயிடுச்சு. இனி கஷ்டமில்லை” என்றாள் நர்ஸ்.

கண்ணில் நீர் வழிந்தது, குமட்டிக்கொண்டு வந்தது, காற்று நிரப்பிய வயிறு பந்தாக உப்பியது. சுகமான காரியம் என்று யார் சொன்னாலும் பொய். ஆனால் தாங்க முடிந்தது. எச்சிலை வடிய விட்டு, மூக்கால் மூச்சு விட்டபடி எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். ஈரப் பட்டில் லைனிங் வைத்துத் தைத்த மாதிரி இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக ஓர் இடம். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை, தையல் இல்லை. இவ்வளவு நேர்த்தியான வேலை தனக்குள்ளேயே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஓரிடத்தில் மட்டும், சூடு அதிகமான இஸ்திரிப்பெட்டி பட்டுப் பொசுங்கின மாதிரி, வெளிறிய நடுவும் சிவந்த விளிம்புமாக ஒரு புண். ஊசி இல்லை. டாக்டர் அவளுக்காக இன்னொரு சுற்று சுற்றிக் காட்டினார். அப்போதும் இல்லை.

கழுத்து வலிக்கு அவள் பல மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் கரைத்துக் குடித்து வந்த மாத்திரை செய்த வேலைதான் அந்தப் புண். புண்ணின் ஓரத்தில் கிள்ளி எடுத்த துணுக்கைச் சோதித்த முடிவு பிறகு வந்தது. அதில் பயப்பட ஒன்றும் இல்லை. வலி மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு மாத்திரை கொடுத்தார்கள். இதை நுணுக்கக் கூடாது, முழுசாகத்தான் விழுங்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் சமையலறையில் நின்றாள். கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தன் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக் காட்டினார். கதை அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மாத்திரை இறங்கிவிட்டது.

கொஞ்சம் ரத்தம் ஊறி, கன்னத்தில் நிறம் திரும்பிய பிறகு அவள் வேலைக்கு வந்தாள். பலகை மேல் ஓர் ஆள், உதட்டில் ஊசி வரிசை, எல்லாம் பழையபடி. நாத்தனார் மட்டும் பழையபடி இல்லை. தலை குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பலகை மேல் நின்ற வாடிக்கையாளர் தன்னுடைய மீசையைக் கண்ணாடியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பித் திருப்பி ரசித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் அதைப் பார்த்தாள். உதடு துடித்தது. அண்ணியின் வாயைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

அக்கா அதைக் கவனித்தாள். உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப்பொதியில் குத்தினாள். ஏதோ பெரிய சங்கதி என்று கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“ம்ம்,” என்றாள் நாத்தனாரிடம். “இப்ப சொல்லு.”