ஓரத்தில் எழுதிய கேள்விகள்

புதுக்கோட்டைக் கல்லூரியில் நான் டியூட்டராக இருந்த யுத்த காலத்தில், சம்பளத்தில் சேராத ஒரு வேலை என் தலையில் விழுந்தது. பட்டம் முடித்த பையன்களில் யாராவது சென்னைக்குப் போய் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டால், எதை, எப்படி ஆராயப் போகிறேன் என்று ஒரு திட்டம் எழுதி அங்கே உள்ள பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும். அவர் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஏதேதோ கேட்டு எழுதித் திருப்பி அனுப்புவார். அதைப் பார்த்துத் திட்டத்தைத் திருத்த உதவுவது என் பொறுப்பு. பிடித்துச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சென்னைக்குப் போக ஏங்கிக்கொண்டிருந்தவன் நான். போகிறவர்களுக்கு மூட்டை கட்டிக் கொடுக்கும் வேலைதான் எனக்கு வாய்த்தது.

ஒரு வருஷம் ஆலங்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். நிலக்கடலை போடுகிற குடும்பம். கண்மாய்த் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தான். அவன் ஊரில் கடிகாரம் கிடையாது. வயலுக்குத் தண்ணீர் விடும் முறையை நிழலை வைத்து அளப்பார்கள். ஒருவர் மடைக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று, தன் நிழலைத் தன் காலாலேயே அடி அடியாக அளப்பார். இத்தனை அடி என்று வந்ததும் ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை தொடங்கும். பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தான். படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. அளப்பவர் யார்? குட்டையானவரும் நெட்டையானவரும் அளந்தால் ஒன்றாக வருமா? மேகம் மூடினால் என்ன செய்வார்கள்? இப்படிப் பக்கத்துக்கு இரண்டு மூன்று இருந்தன. நன்றாக யோசித்துத் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஆறு பக்கத்தோடு வந்தான். காகிதத் தட்டுப்பாட்டில் சுருக்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, சரியாகப் படிக்காமலே, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். அடுத்த முறை வந்தது இரண்டே பக்கம். அதில் நிழலும் இல்லை, மடையும் இல்லை. பாசனத்தின் பெருமை மட்டும் இருந்தது.

"மேகம் மூடினா என்னன்னு கேட்டிருக்காரே, அந்த எடம் எங்க தம்பி?"

"எடுத்துட்டேன் சார்."

"ஏன்?"

"பெரியவங்க அப்புடிக் கேட்டா தப்புன்னுதானங்க அர்த்தம்? எங்க வீட்டுல அய்யா, 'ஏன்டா அங்கிட்டுப் போன'ன்னு கேட்டா, நின்னு காரணமா சொல்லுவோம்? மறுக்கா அங்கிட்டுப் போகாம இருந்துக்குவோம்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெரியவர்கள் கேட்டால் அது கண்டிப்பு. பதில் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறான் என்பார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் மேல் இல்லை.

"அவருக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லு. மேகம் மூடினா என்ன செய்வாங்க?"

"அன்னிக்கு அளவே கெடையாதுங்க. கடைமடைக்காரரு வந்து நிப்பாரு. அவரு போதும்னு சொன்னா அடுத்த ஆளுக்குத் திருப்பிருவாங்க."

"அவரு எதுக்கு?"

"கடைசியாத் தண்ணி வாங்குறவரு அவருதானங்க. முன்னால ஒருத்தருக்குக் கூடப் போனா அவருக்குத்தான கொறையும்? அவரு ஒத்துக்கிட்டா எல்லாருக்கும் சரிதான்."

பன்னிரண்டு பக்கத்தில் எங்கேயும் இது இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றான்.

"மெட்ராஸ்ல தெரியாது. தெரியாமத்தான் அவரு கேக்குறாரு" என்றேன்.

சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கு என் சொந்தக் கதை நினைவுக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே கல்லூரியிலிருந்து, இதே பேராசிரியருக்கு நானும் ஒரு திட்டம் அனுப்பியிருந்தேன். விராலிமலையில் மாட்டை அவிழ்த்துக் கட்டித் தங்கிப் போகும் வண்டிக்காரர்கள் எந்த ஊர்ச் சரக்கை எங்கே கொண்டு போகிறார்கள் என்பது பற்றி. பத்தொன்பது பென்சில் கேள்விகளோடு அது திரும்பி வந்தது. வரவேண்டாம் என்பதைத்தான் மரியாதையாக எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டி, சென்னையில் இடம் கிடைக்கவில்லை என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். கேட்கிறார் என்பது எனக்கு அன்று வரை உறைக்கவில்லை. படித்த முட்டாள்.

பையனிடம் அதைச் சொல்லவில்லை. தினமும் மாலையில் வரச் சொல்லி, ஒரு கேள்வியை எடுத்துப் பேச விட்டு, பேசியதை அப்படியே எழுத வைத்தேன். நெட்டையானவருக்குப் பாதமும் நீளம், அதனால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும் என்று அவன் விளக்கியபோது இரண்டு பேரும் எழுந்து முற்றத்து வெயிலில் அளந்தே பார்த்தோம். சரியாகத்தான் வந்தது. பழக்கதோஷத்தில் அவன் அடித்த வரிகளை எல்லாம் நான் திரும்ப எழுத வைத்தேன். திட்டம் இருபது பக்கமாகப் போயிற்று. இடம் கிடைத்தது. பையன் சென்னைக்குக் கிளம்பிப் போனான்.

இரண்டு மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் புலம்பிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தான். எந்தக் கல்லூரி என்று பேராசிரியர் கேட்டாராம். சொன்னதும், அங்கிருந்து முன்பு ஒருவர் வண்டிக்காரர்களைப் பற்றி அருமையான திட்டம் அனுப்பியிருந்தார் என்றாராம். கேள்விகள் எழுதி அனுப்பிவிட்டு, அவர் பதிலுக்காக அந்த வருஷம் முழுக்க ஓர் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். பதிலே வரவில்லையாம். பெயர் மறந்துவிட்டது என்கிறார், அது யாரென்று உங்களுக்குத் தெரியுமா சார் என்று கேட்டிருந்தான்.

ஒரு வருஷம் முழுக்க எனக்காக அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்கிறது. அந்தப் பத்தொன்பது கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் தேடி நான் யாரையும் போய்க் கேட்க வேண்டியிருந்திருக்காது. இன்றைக்கும் அவர் அறை வாசலில் போய் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அன்று ஒரு கார்டு வாங்கி, எனக்குத் தெரியாது என்று அவனுக்கு எழுதிப் போட்டேன்.