மோந்து பார்க்காத இலை

வாழ வந்த புதிதில் அவள் முழங்கை பட்டு, அடுப்படி ஜன்னலில் இருந்த கற்பூரவல்லித் தொட்டி விழுந்து தூளானது. ஓடி வந்த நாத்தனார் மண்ணைக் கூட்டி அள்ளினார். "என்னக்கா உடைஞ்சது?" என்று உள்ளேயிருந்து அவள் கணவன் கேட்டான். "என் கை பட்டுடுச்சுடா, நீ படு" என்றார். அதோடு சரி. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

நாத்தனார் தையல்காரர். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். எண்ணெய் டின், காது போன குவளை, ஓட்டைக் குக்கர் என்று அடுப்படி முழுக்கப் புதினாவும் மல்லியும் வெங்காயத்தாளும் வளர்த்தார். தெருவில் அவருக்குத் 'தொட்டி அக்கா' என்றே பேர். "சோறாக்க ஒரு சாண் இடம் விடுவியா, அடுப்புலயும் விதை போட்டுடுவியா?" என்று தம்பி கேலி செய்வான். எந்த இலையானாலும் கசக்கி மோந்து பார்த்துத்தான் பாத்திரத்தில் போடுவார்.

ஒருநாள் அவளுக்கு ஜலதோஷம். மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது. டின்னிலிருந்து வெங்காயத்தாள் வெட்டி, முட்டையில் போட்டுப் பொரித்து, பஸ் ஓட்டக் கிளம்பிய கணவனுக்குக் கட்டிக் கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட வந்த நாத்தனார் ஜன்னலில் இருந்த வெங்காய டின்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த ஓரத்துல யாரு வெட்டினது?"

"நான்தான்க்கா, முட்டைக்கு."

"ஐயோ, அது லில்லிக் கிழங்கும்மா! ஜாக்கெட் தைக்க வந்தவங்க குடுத்தாங்க. இடம் சும்மா கிடக்குதேன்னு வெங்காயத்தோட ஊனி வச்சேன். இலை பார்க்க வெங்காயத்தாளேதான், வாசம்தான் வராது. விஷம்மா அது!"

அவள் கணவனுக்குப் போன் போட்டாள். போன் அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கமாட்டான். ஒருவேளை ஓட்டும்போதே கண் இருட்டினால்? வண்டி நிறைய ஜனம் இருக்குமே! கடவுளே, கடவுளே என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. செருப்புகூடப் போடாமல் இருவரும் பஸ் நிலையத்துக்கு ஓடினார்கள்.

அவன் பஸ் நின்றிருந்தது. ஓட்டுநர் சீட் காலி. சீட்டின் மேல் சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது, பாதி முட்டையைக் காணோம். அவளுக்கு உயிரே போய்விட்டது.

பஸ்ஸுக்குப் பின்னால், குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை. "என்னடி போட்டே? குடல் வெளிய வந்துடும் போல இருக்கு" என்றான். பேசுகிறானே! அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதட்டினார். "யாரும்மா சமைச்சது?" அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முன்னால் வந்தார். "நட்டவ நான்தான் சார். என்னைத் திட்டுங்க." ராத்திரி முழுக்க இருவரும் அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டவன் கண் திறந்தான். விடிந்ததும் அவன் கஞ்சி கேட்டான்.

பிறகு அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப வந்த நாத்தனார் ஒரு புதினா டின்னை அவள் மடியில் வைத்தார். அன்றைக்குப் பிறகு அவரை உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வண்டி நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார்.

"கசக்கி மோந்து பார்த்துட்டுப் போடும்மா. மூக்கு அடைச்சிருந்தா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லு. பைத்தியம்னு சொன்னா சொல்லிட்டுப் போறா."