உள்ளே யாரும் இல்லை

நம்புகிறவர்கள் நம்புங்கள், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நடு ராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. பட்டப்பகல். 1982, சித்திரைத் திருவிழா சமயம். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு நூல் மில். அதன் கம்ப்யூட்டர் அறை.

நான் அங்கே புரோகிராமர். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேனேஜர் வெங்கடரமணனுக்குக் கம்ப்யூட்டர் சொன்னால் தெய்வம் சொன்ன மாதிரி. பஞ்சு உடைக்கிற மெஷினுக்குள் சுத்தம் செய்ய ஆள் இறங்கினால் ஓர் அட்டை, வெளியே வந்தால் ஓர் அட்டை. அதில் அந்த ஆளின் நம்பரைத் துளை போட்டிருப்பார்கள். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, 'உள்ளே யாரும் இல்லை' என்று தாள் அடித்தால்தான் மெஷினைப் போடுவார்கள். குனிந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற விஷயம்! அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

அன்று அழகரைப் பார்க்கப் பாதிப் பேர் லீவு. பதிலுக்குத் தற்காலிக ஆட்களை எடுத்திருந்தார்கள். அவர்களுடைய நம்பருக்கு முன்னால் 'டி' என்ற எழுத்து இருக்கும். புரோகிராம் எழுதுகிற கோபோல் மொழியில் எண்ணுக்குத் தனி இடம், எழுத்துக்குத் தனி இடம். எண்ணுக்கான இடத்தில் எழுத்தைத் தள்ளினால் புரோகிராம் படுத்துவிடும். படுத்துவிட்டது.

மேனேஜர் கத்தினார். "எழுத்தை விட்டுட்டு நம்பரை மட்டும் மூவ் பண்ணுய்யா! மெஷின் சும்மா நிக்குது."

"சார், 212-னு ஒரு ஆளு, டி-212-னு ஒரு ஆளு, ரெண்டும் இருக்கு. எழுத்தை எடுத்தா ரெண்டு பேரும் ஒரே ஆளாயிருவாங்க. ஒருத்தர் வெளிய வந்தாலே போதும், ரெண்டு பேரும் வந்ததாச் சொல்லிரும்."

"நீ எனக்குச் சொல்றியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவரே உட்கார்ந்து அந்த வரியைத் துளை போட்டு, புரோகிராம் அட்டைகளுக்கு நடுவில் செருகினார். ஆபரேட்டர் காசிமாயன் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டினான். அந்த வரி மேனேஜருக்கு எப்படி அத்துப்படி என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

உச்சிப் பொழுது. ஏ.சி. அறை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. என் கைமேல் ஒரு துண்டு பஞ்சு விழுந்தது. மில் பஞ்சு இங்கே எப்படி?

தட்டிவிட்டேன். ஒட்டியது. ஈரமாக இருந்தது. சிவப்பாக...

கட கட கட... பிரிண்டர் ஓடியது. 'உள்ளே யாரும் இல்லை.'

மேனேஜர் தாளைக் கிழிக்கக் கை வைத்தார். தாள் வரவில்லை. பின்னால் போனது.

அவர் கையும் கூடவே போனது.

"ஐயோ! விடு... விடு!"

"கரண்ட்டப் புடுங்கிட்டேண்ணே!" காசிமாயன் கத்தினான்.

பிரிண்டர் நிற்கவில்லை. கட கட கட...

எலும்பு நொறுங்கியது. ரத்தம் என் முகத்தில் அடித்தது. வாயில் உப்புக் கரித்தது.

தோளைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

அவர் மணிக்கட்டை ஒரு கை பிடித்திருந்தது.

கறுத்த வலது கை. முழங்கை வரைக்கும்தான் இருந்தது. அதற்கு மேலே...

ஒன்றுமில்லை.

"உள்ள ஆள் இருக்கு!" மேனேஜர் அலறினார். "மெஷினைப் போடாதீங்க... உள்ள ஆள் இருக்கு!"

அந்தக் கை பிடியை விட்டது.

நான் பஞ்சு மெஷினுக்கு ஓடினேன். சுவிட்சில் கை வைத்தபடி ஓர் ஆள் தாளுக்காகக் காத்திருந்தான். அவனைத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினேன். இரும்பு முட்களுக்கு நடுவிலிருந்து டி-212 தவழ்ந்து வந்தான். பெயர் மருது. மீசை அரும்பாத முகம்.

"இந்தா வாரேண்ணே... அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேனேஜருக்குப் பெரியாஸ்பத்திரியில் நாலு விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில்தான் காசிமாயன் வாய் திறந்தான்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி, இதே சித்திரைலண்ணே. கீழக்குயில்குடி வீரணன். அவனும் தற்காலிக ஆளுதான். தாள் வந்துருச்சுன்னு மெஷினப் போட்டாய்ங்க."

"அன்னைக்கு எழுத்தை விடச் சொன்னது யாரு?"

"அன்னைக்கும் இவருதாண்ணே. இவரே எழுதினாரு. அப்புறம் அந்த அட்டைய உருவிட்டாரு."

அவன் டீயைக் குடிக்கவே இல்லை. வீரணன் உடம்பைப் பஞ்சுக்குள்ளிருந்து பொறுக்கி, சாக்கில் கட்டிப் பெண்டாட்டியிடம் கொடுத்தார்களாம்.

வலது கை மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையாம்.