காலராக் கொட்டகையில் ஓவிய வகுப்பு

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவைத் தாண்டி, முள்செடிகளுக்கு நடுவில் ஒரு ஓட்டுக் கொட்டகை இருந்தது. முன்பு காலரா கண்டவர்களைத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்த இடம். போனவர்களில் பலர் திரும்பவில்லை. புது ஆஸ்பத்திரி வந்த பிறகு நகராட்சி அதற்குச் சுண்ணாம்பு அடித்து, நெசவாளர் பிள்ளைகளுக்கு மாலையில் ஓவிய வகுப்பு நடத்தியது. காகிதம், பென்சில், வாத்தியார் சம்பளம் எல்லாம் நகராட்சிப் பணம். வீட்டில் பயந்தார்கள்தான். ஆனாலும் இலவசம் என்பதால் அனுப்பினார்கள். எனக்கு அந்த வகுப்பு உயிர். அது இல்லாவிட்டால் பொழுது சாயும்வரை ராட்டையில் நூல் சுற்ற வேண்டும்.

அந்தப் பணத்துக்கு ஆபத்து வந்தது. எங்கள் வார்டு கவுன்சிலர், அரிசி மில் வைத்திருந்தவர், “குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல படம் ஒரு கேடா? அந்தப் பணத்துல குழாய் போடுங்கப்பா” என்று நகராட்சிக் கூட்டத்தில் கேட்டுவிட்டார். மூடுவதற்கு முன் ஒருமுறை வந்து பார்க்கும்படி வாத்தியார் அவரைக் கெஞ்சினார். வீட்டில் உள்ள ஒருவரை வரையச் சொல்லி, எங்கள் படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டினார்.

வீட்டுப் பெரியவர்களை நாங்கள் பார்ப்பதே தறியில்தான். இடுப்புக்குக் கீழே உடம்பு தறிக்குழிக்குள் போயிருக்கும். தறியை வரைய யாருக்கும் கை வரவில்லை, விட்டுவிட்டோம். ஆகவே சுவர் முழுக்கக் காலில்லாத மனிதர்கள், தரையிலிருந்து முளைத்ததுபோல இருந்தார்கள். எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

கவுன்சிலர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தார். வாத்தியார் சோடா வாங்க ஓடினார். படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் படத்தின் முன் நின்றுவிட்டார். அது என் சித்தி. பெரிய பொட்டு, அவிழ்த்துவிட்ட கூந்தல், நேர்ப்பார்வை.

“இதுக்குக் காலு எங்கம்மா?”

“தரைக்குள்ள இருக்குதுங்க.”

“தலைய ஏன் விரிச்சுப் போட்டுக்கினு இருக்குது?”

“வெள்ளிக்கிழமைல தலைக்குக் குளிக்குங்க.”

“நீ பாத்தியா?”

“தினம் பாக்கறேன். விளக்கு வெக்கிற நேரத்துக்கு எழுந்துக்கும்.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கொட்டகைக்குள் திடீரென்று சில்லென்றிருந்தது; எனக்கும் காரணம் தெரியாமல் பயம் வந்தது. சோடாவைத் தொடாமலே அவர் கிளம்பிவிட்டார். வகுப்பு போயிற்று, இனி ராட்டைதான் என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஆனால் பணம் நிற்கவில்லை. கவுன்சிலரே கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தாராம். அதோடு வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு முடியும் நேரத்தில் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, என் படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். கலைமேல் மனிதருக்கு இத்தனை பிரியமா என்று வெளியூர்க்காரரான வாத்தியார் உருகிப்போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மறந்துவிட்ட பென்சிலை எடுக்கத் திரும்பினேன். கவுன்சிலர் போய்விட்டிருந்தார். படத்துக்குக் கீழே, தரையில், ஒரு முழம் மல்லிகை கிடந்தது. படம் வரைந்தவளுக்குப் பரிசு என்று எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவர் அந்த வெறும் தரையைக் குனிந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

“பூவை எடுத்துக்கினா, வாத்தியாரே” என்றார்.

என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. பிறகு வாராவாரம் பூ இருந்தது. வாராவாரம் நான் எடுத்துக்கொண்டேன்.

கோயில் பூ என்றே நினைத்திருந்த அம்மா ஒருநாள் கேட்டாள், “யார்டி குடுக்கறாங்க?”

சொன்னேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கவுன்சிலரின் மனைவி காலராவில் இறந்தது அந்தக் கொட்டகையில்தான் என்பது ஊருக்கே தெரியும். பிள்ளைகளான எங்களிடம் மட்டும் யாரும் சொன்னதில்லை. அன்று அம்மாவும் சொல்லவில்லை. பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் குடம் குடமாகத் தலையில் ஊற்றினாள். ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்திருந்தேன். நல்ல பூ வீணாய்ப் போயிற்றே என்றுதான் அழுகை வந்தது.